தூக்கம் என்று எழுதியிருந்தது

— ‘இது உங்க ஒருத்தருக்கு மட்டும்தான் வேணுமா?’ அவ்வளவுதான் கேட்டாரு, அண்ணா. நான் ‘ஆமா’ன்னு எழுதிட்டு வந்துட்டேன்.

— யாரு கேட்டா, எப்ப கேட்டா? கட்டிலோட அந்தக் காலைப் பிடின்னு சொன்னா நீ கம்ப்யூட்டரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே. பத்து மணிக்குக் கட்டில்காரர் வந்துடுவாரு, பூச்சி. வாடகைக் கட்டில். ஒரு போல்ட்டு குறைஞ்சாலும் மூஞ்சியைத் தூக்குவாரு.

— இந்தப் பலகையை முதல்ல எழுதினவரு கேட்டாரு. ஏழு வருஷம் ஆச்சு.

— எந்தப் பலகை? கம்ப்யூட்டர்ல அப்பா பேசுவாரே, அதா?

— ம். அப்பா பேசினது.

— சரி விடு. அந்த ஸ்பேனரை எடு. பெரிசு இல்ல, சின்னது. நீ பண்ணின பலகைன்னுதானே நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். ‘என் தங்கச்சி பத்தாவதோட நின்னவ, கைகால் வராத மனுஷனைக் கண்ணாலேயே பேச வச்சுட்டா’ன்னு.

— நான் பண்ணல. அவரு பண்ணி, யார் வேணாலும் எடுத்துக்கலாம், திறந்து பார்க்கலாம், மாத்திக்கலாம்னு சும்மா விட்டிருந்தாரு. ஓப்பன் சோர்ஸ்னு சொல்வாங்க. நான் எடுத்தேன். அப்பாவுக்காகக் கொஞ்சம் மாத்தினேன். அவ்வளவுதான்.

— என்னத்தை மாத்தினே?

— கண்ணு மூடுற நேரத்தை. எழுத்துக் கட்டங்கள்ல வெளிச்சம் ஒவ்வொண்ணா நகரும் இல்ல, வேண்டிய கட்டத்துக்கு வரும்போது கண்ணை மூடித் திறக்கணும். மத்தவங்களுக்கு அரை விநாடி போதும். அப்பாவுக்கு இமை இறங்கி ஏறவே மூணு விநாடி ஆகும். அதனால அவருக்கு மட்டும் வேற அளவு. புரோகிராம்ல ஏழு இடத்துல மாத்தணும்.

— மாத்தினியே, அதை அந்த ஆளுகிட்ட சொன்னியா?

— அனுப்பி வச்சேன். எல்லாருக்குமா சேர்த்துப் போட்டுக்கோங்கன்னு. அப்பத்தான் அப்படிக் கேட்டாரு. கோவமா இல்ல. தெரிஞ்சுக்கத்தான் கேட்டாரு. எனக்கு முகமெல்லாம் சூடாயிடுச்சு. ‘ஆமாம், ஒருத்தருக்குத்தான், மன்னிக்கவும்’னு எழுதி, அனுப்பினதைத் திரும்ப எடுத்துக்கிட்டேன்.

— முகம் தெரியாத ஆளுகிட்டகூட வெட்கமா உனக்கு? வாயில்லாப்பூச்சின்னு அம்மா சும்மாவா பேரு வச்சாங்க. சரி, அப்புறம்?

— அவரு புது வெர்ஷன் விடும்போதெல்லாம் அந்த ஏழு இடத்தையும் நானே திரும்பக் கையால மாத்துவேன். இருந்த இடத்துல இருக்காது. வரியை நகர்த்தியிருப்பாரு, பேரை மாத்தியிருப்பாரு. ஒரு தடவை ஏழு ஒன்பதாயிடுச்சு. ஒன்பதாவது இடத்தைக் கண்டுபிடிக்க நாலு நாளு. அந்த நாலு நாளும் அப்பா ‘தண்ணி’ன்னு எழுதப் போயி ‘தணி’ன்னு நிப்பாரு.

— இரு, இரு. இது எங்க வேலையில நடந்தா சீட்டைக் கிழிச்சிடுவாங்க. லிஃப்ட்டுல நான் ஒரு ஸ்பிரிங்கு மாத்தினாகூட, மேல மிஷின் ரூம்ல ஒரு ரெஜிஸ்டர் தொங்கும், அதுல எழுதிக் கையெழுத்துப் போடணும். நாளைக்கு நான் இல்லாம வேறொருத்தன் ஏறினா அவனுக்குத் தெரியணும். நீ எங்க எழுதி வச்சே?

— நோட்டுல.

— நோட்டு எங்க?

— அலமாரியில. துணிக்கு அடியில.

— நல்ல ரெஜிஸ்டர்! திருடன் வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டான்.

— நீகூட இன்னிக்கு வரைக்கும் பார்த்ததில்ல.

— நீ காட்டினாத்தானே. சரி விடு. இந்தத் தலைப்பக்கம் ரெண்டு போல்ட்டும் துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டிருக்கு. எட்டு வருஷம் ஒரே இடத்துல நின்ன கட்டில். அந்த ஆளு இப்பவும் இதைப் பார்த்துக்கறானா?

— இல்ல. அவரு போயிட்டாரு.

— அடப் பாவமே. என்ன வியாதி?

— வியாதி இல்லண்ணா. இரட்டைக் குழந்தை பொறந்துச்சு. ‘இனிமே என்னால முடியாது, யாராவது எடுத்து நடத்துங்க’ன்னு எழுதினாரு. ரெண்டு மாசம் யாரும் கை தூக்கல. யாரும் பார்த்துக்கலைன்னா அப்பா பலகையும் ஒருநாள் நின்னுடும். அதனால நான் எடுத்துக்கிட்டேன். நாலு வருஷமா நான்தான்.

— நீயா? எனக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல?

— சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல. காலையில எழுந்தா முப்பது பேரு எழுதியிருப்பாங்க. அது வரல, இது ஓடல. ஒருத்தன், ‘மூணு நாளா பதில் இல்ல, என்ன தூக்கமா’ன்னு கேட்டிருந்தான். அப்பாவுக்குச் சளி கட்டி ஆஸ்பத்திரியில இருந்த மூணு நாளு அது. எல்லாரும் ‘சார்’னுதான் எழுதுவாங்க. ஒருத்தரு ‘பெரியவரே’ன்னு ஆரம்பிப்பாரு.

— பெரியவரே! இருபத்துநாலு வயசுப் பெரியவரு. சல்லிக்காசு வாங்காம ஊருக்கெல்லாம் உழைக்கற பெரியவரு. இங்க பாரு, நீதான் அதுக்கு முதலாளின்னு ஆனப்புறம், உன் ஏழு இடத்தையும் நீயே உள்ள போட்டிருக்கலாமே? யாரைக் கேட்கணும்?

— யாரையும் கேட்க வேண்டியதில்ல.

— அப்புறம்?

— ஒருத்தருக்குத்தான்னு நானே சொன்னது. அதை நானே இடம் கிடைச்சதும் உள்ள நுழைக்கற மாதிரி இருந்துச்சு. நாளைக்குப் பண்ணலாம், நாளைக்குப் பண்ணலாம்னு… வேற வேலை வந்துக்கிட்டே இருந்துச்சு அண்ணா. கேமரா வழியா கண்ணைப் பார்க்கற பகுதி வேற ஒருத்தரோடது. அவரு நிறுத்திட்டாரு. அதுக்குப் பதிலா இன்னொண்ணைப் போட்டா குரல் வரல. குரலைச் சரி பண்ணினா பழைய கம்ப்யூட்டர்ல ஓடல. ஒண்ணை இழுத்தா இன்னொண்ணு பிஞ்சு வருது. எதுவும் நான் கட்டினது இல்ல. ஆனா எது விழுந்தாலும் என்னைத்தான் கூப்பிடறாங்க.

— அதான் சொல்றேன், விட்டுடு. இனிமே யாருக்காக? அப்பாவே போயாச்சு. அவரு கம்ப்யூட்டரைத் துடைச்சுக் கொடு, என் பொண்ணு பாடம் படிக்கட்டும். நீ வெளியில வா. வெயில் எப்படி இருக்கும்னு பாரு.

— அதுக்குத்தான் காலையில இதைத் திறந்தேன். உன் பொண்ணுக்குக் கொடுக்கலாம்னு.

— திறந்து?

— வெர்ஷன் நம்பர் மாறியிருக்கு.

— மாறினா?

— அப்பாவோடது பழைய வெர்ஷன். என் ஏழு மாத்தத்தோட. இப்ப இதுல இருக்கறது புதுசு. போன மாசம் கடைசி சனிக்கிழமை நான் எல்லாருக்கும் விட்டேனே, அது. அப்பாவோடதுக்குத் தனிப் பேரு வச்சிருந்தா தப்பிச்சிருக்கும். நான் அதே பேருலதான் வச்சிருந்தேன். புதுசு வந்து அதுமேல உட்கார்ந்துடுச்சு.

— எனக்குப் புரியற மாதிரி சொல்லு.

— புதுசுல ஒண்ணு சேர்த்தேன். படுத்திருக்கறவங்க அசந்து தூங்கினா கண்டபடி எழுத்து விழுதுன்னு நிறையப் பேரு சொன்னாங்க. ஒருத்தரு அழகா எழுதி அனுப்பினாரு. ரெண்டு விநாடிக்கு மேல கண்ணு மூடியிருந்தா அது தூக்கம், கணக்குல எடுக்காதேன்னு. நானும் சரி பார்த்துட்டுத்தான் விட்டேன்.

— அப்பாவை வச்சா பார்த்தே?

— அப்பா அப்ப அசந்து தூங்கிட்டிருந்தாரு. எழுப்ப மனசு வரல. என் கண்ணை வச்சுப் பார்த்தேன்.

— உன் கண்ணை வச்சா?

— அண்ணா, அப்பாவுக்கு மூணு விநாடி. அவரு மூடின ஒவ்வொரு தடவையும் தூக்கம்னு தள்ளிடுச்சு. நாம நினைச்ச மாதிரி அவரு கோவத்துல பேசாம இல்ல. ஞாயித்துக்கிழமையிலேர்ந்து புதன்கிழமை விடியற வரைக்கும் பேச முடியாமத்தான் இருந்தாரு.

— அப்படியெல்லாம் இல்ல. அவரு குணமே அதுதானே. கோவம் வந்தா எட்டு நாளு வாயைத் திறக்கமாட்டாரு. அம்மாகிட்ட ஒரு தடவை சட்டைப் பொத்தானுக்காகப் பேசாம இருந்தாரே, ஞாபகம் இல்லையா? நடுவுல நீயும் நானும்தானே தபால்காரங்க. ‘அப்பா சோறு போடச் சொல்றாரு’, ‘அம்மா எழுந்து வரச் சொல்றாங்க’.

— அதை நினைச்சுத்தான் நானும் விட்டுட்டேன். பலகை பார்க்க அதே மாதிரிதான் இருந்துச்சு. வெளிச்சம் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. ‘தோற்றத்தில் எந்த மாற்றமும் இல்லை’ன்னு நானே பெருமையா எழுதி விட்டேன். அப்பா கண்ணை மூடி மூடித் திறந்தாரு. என்னைப் பார்க்கப் பிடிக்காம மூடறாருன்னு நினைச்சேன்.

— பூச்சி…

— மணியும் அடிக்கல. மேல மணின்னு ஒரு கட்டம் வச்சிருக்கேன் இல்ல, என்னைக் கூப்பிடறதுக்கு. மூணு நாளும் அடிக்கல. அடிக்கலையேன்னு நிம்மதியா அந்த ரூம்ல என் கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்திருந்தேன். என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா?

— வேண்டாம், சொல்லாதே.

— இருபத்துமூணு பேரு எழுதியிருந்தாங்க. ‘எங்கம்மாவுக்குக் கண்ணு மெதுவாத்தான் மூடும், நேத்திலேர்ந்து பேசல.’ ‘என் வீட்டுக்காரர் நாலு விநாடி மூடுவாரு, உங்க புது வெர்ஷன் அவரைத் தூங்கறாருங்குது.’ இருபத்துமூணு பேரு, அண்ணா. ஒருத்தருக்கு மட்டும் இல்ல. அந்தப் பக்கம் உட்கார்ந்து அவங்களுக்காகத்தான் சரி பண்ணினேன். அப்பா கம்ப்யூட்டர்ல பழசுதானே இருக்குன்னு இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கல. புதன்கிழமை விடியக்காலையில முடிச்சு விட்டேன். ‘அம்மா பேசிட்டாங்க, நன்றி பெரியவரே’ன்னு முதல் பதில் வந்துச்சு. அதைப் படிச்சுட்டு அப்பாவுக்கு மூஞ்சி துடைக்கலாம்னு துணியை நனைச்சு எடுத்துக்கிட்டு இங்க வந்தேன்.

— போதும். போதும் விடு. கண்ணைத் துடை. இங்க பாரு, என்னைப் பாரு. முக்கியமான கேள்விக்குப் பதில் சொல்லிட்டுத்தான் அவரு போனாரு. டாக்டரு கேட்கச் சொன்னதை நான் கேட்டேன். ‘தொண்டையில துளை போட்டு மூச்சு மிஷின் வைக்கலாமாப்பா’ன்னு. அவரு வேண்டாம்னாரு. பெரிய எழுத்துல ‘வேண்டாம்’னு வந்துச்சு, என் கண்ணால பார்த்தேன். அதை வச்சுத்தானே டாக்டர்கிட்ட சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மிச்ச மூணு நாளு என்ன பேசியிருக்கப் போறாரு? தண்ணி கேட்டிருப்பாரு, முதுகு சொறியச் சொல்லியிருப்பாரு.

— அதைத்தான் நானும் பிடிச்சுக்கிட்டிருக்கேன். அது ஒண்ணாவது அவரு வாயால வந்துச்சேன்னு.

— அவ்வளவுதான். அதைப் பிடிச்சுக்கோ.

— ஆனா புதுசை உள்ள விட யாரு அமுக்கினதுன்னு தெரியல. என்னைக் கேட்காமப் போடாதேன்னுதான் இதுல வச்சிருந்தேன். நடுவுல ஒண்ணு வந்து நிக்கும், யாராவது ‘சரி’ கொடுத்தாத்தான் உள்ள போகும். நானாத்தான் இருக்கணும். தூக்கக் கலக்கத்துல என்னத்தையோ அமுக்கியிருப்பேன்.

— நடுவுலன்னா… டப்பா மாதிரி ஒண்ணா? நீலக் கலர்ல?

— ம்.

— அட, அது நான்தான். அதுக்குப் போயி உன்னைத் திட்டிக்கறியா? நீ மருந்து வாங்கப் போயிட்டே. நான் அப்பா முன்னால ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தா, கட்டத்தையெல்லாம் மறைச்சுக்கிட்டு அந்த டப்பா வந்து நிக்குது. ‘சரி’ன்னு இருந்ததை அமுக்கினேன். கொஞ்ச நேரம் சுத்திச்சு, போயிடுச்சு. அப்புறம்தான் கேட்டேன்.

— அப்புறம்தான் கேட்டியா?

— பின்ன? மறைச்சுக்கிட்டிருந்தா அவரு எப்படிப் பார்ப்பாரு?

— டப்பா போனப்புறம்.

— ஆமான்னு சொல்றேனே. ஏன் அப்படிப் பார்க்கறே?

— கட்டிலை எடுக்க வந்திருக்கேங்கம்மா. கதவு திறந்திருந்துச்சு, அதான் வந்துட்டேன். கழட்டியாச்சுங்களா சார்?

— தலைப்பக்கம் மட்டும் பாக்கி இருக்கு. துரு. அஞ்சு நிமிஷம் வெளியில நில்லுங்க. நாலு மாடி ஏறி மூச்சு வாங்குதா என்ன?

— லிஃப்ட்டுலதான் சார் வந்தேன். சும்மா பூ மாதிரி ஏறுதே!

— ஏறாம? நான் பார்க்கற லிஃப்ட்டு. நான் இருக்கறவரைக்கும் இந்த பில்டிங்ல யாரும் படியில கால் வைக்க வேண்டியதில்ல. நில்லுங்க, வரேன்.

— அண்ணா.

— என்ன?

— இதுல நடந்ததெல்லாம் ஒரு இடத்துல பதிவாகும். உங்க ரெஜிஸ்டர் மாதிரிதான். ஆனா யாரும் எழுத வேண்டாம், அதுவே எழுதிக்கும். எப்ப புது வெர்ஷன் உள்ள வந்துச்சு, எந்தக் கட்டத்துல வெளிச்சம் இருக்கும்போது கண்ணு மூடிச்சு, எத்தனை விநாடி, அதை எடுத்துக்கிச்சா, தள்ளிடுச்சா. எல்லாம் இருக்கும்.

— அதை எதுக்கு இப்ப? மூடு. உனக்கு ராத்திரியும் தூக்கம் இல்ல, பகல்லயும் இல்ல. மூடு பூச்சி, அந்த ஆளு வெளியில நிக்கறாரு.

— நிக்கட்டும்.

— போனவரு போயிட்டாரு. தோண்டி எடுத்து என்ன ஆகப் போகுது?

— நான் இதுவரைக்கும் உன்கிட்ட எதையாவது கேட்டிருக்கேனா அண்ணா?

— நீ கேட்கமாட்டேன்னுதானே… இங்க பாரு. எட்டு வருஷம். பதினாறு வயசுல இந்த ரூமுக்குள்ள போனவ. உன் கூடப் படிச்சதுக எல்லாம் கைக்குழந்தையோட போகுதுக. மிஷின் வச்சா எத்தனை வருஷம் இருப்பாருன்னு டாக்டரைக் கேட்டேன். பத்து வருஷம்கூட இருக்கலாம்னாரு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குழாய் விட்டுச் சளி எடுக்கணும்னாரு. ராத்திரியும். யாரு எடுப்பா?

— நான் எடுத்திருப்பேன்.

— எனக்குத் தெரியாதா? நீ எடுத்திருப்பே. ஒரு வார்த்தை சொல்லாம எடுத்திருப்பே. அதான்.

— அதான்னா?

— ஒண்ணும் இல்ல. ஸ்பேனரைக் கொடு.

— உன் கையிலதான் இருக்கு.

— சரி, நான் போல்ட்டைப் பார்க்கறேன்.

— இதோ, திறந்துட்டேன். ஞாயித்துக்கிழமை. பதினொண்ணு இருபதுக்குப் புது வெர்ஷன் உள்ள வந்திருக்கு. அது நீ அமுக்கினது. அதுக்குக் கீழ ‘ஏற்றுக்கொண்டது’ன்னு வந்த வரிகளை மட்டும் தேடச் சொன்னேன். ஒண்ணுகூட இல்ல. புதன்கிழமை வரைக்கும் ஒண்ணுகூட இல்ல. கட்டத்தை எடுத்துக்கிட்டாத்தான் பெரிய எழுத்துல வெளியில வரும். பதினொண்ணு இருபதுக்கு அப்புறம் இந்தப் பலகை ஒரு வார்த்தைகூடக் காட்டல, அண்ணா. ‘வேண்டாம்’னு நீ எங்க பார்த்தே?

— …

— திட்டறதுக்குக் கேட்கல. நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்கறேன். அவரு பேசாம இருந்தாரு, அதை நீ வேண்டாம்னு எடுத்துக்கிட்டியா? இல்ல, முதல்லயே முடிவு பண்ணிட்டுத்தான் அவரு முன்னால ஸ்டூலைப் போட்டியா? ஏதாவது சொல்லு. இரு, தள்ளிவிட்ட வரிகளையும் எடுக்கறேன். அவரு எந்தக் கட்டத்துல மூடினாருன்னு அதுல இருக்கும். ரெண்டு பேரும் சேர்ந்தே பார்த்துடலாம். அண்ணா?

— அவரு இல்லீங்கம்மா. ஸ்பேனரை என் கையில வச்சுட்டு இறங்கிட்டாரு. லிஃப்ட்டு கதவைத் திறந்துக்கிட்டு நிக்குது, அவரு படியில போறாரு. என்ன சார்னு கேட்டேன், வாயே திறக்கல. நான் பாட்டுக்குக் கழட்டிக்கட்டுங்களா?

— ஒரு நிமிஷம் இருங்க. பதினொண்ணு இருபத்துநாலு, ‘ஆமாம்’ கட்டம், மூணு விநாடி, தூக்கம், ஏற்கவில்லை. பதினொண்ணு இருபத்துநாலு, ‘ஆமாம்’, தூக்கம். இருபத்தஞ்சு, ‘ஆமாம்’, தூக்கம். இருபத்தஞ்சு, ‘ஆமாம்’… இன்னும் முப்பத்தேழு வரி இருக்கு.